மேல் இடது மூலை

கணினித் தொழிலில் யாரையும் எதையும் 'தூக்கிப் போட்டோம்' என்று சொல்லமாட்டார்கள். அவ்வளவு மரியாதை. 'இனி இதைப் பரிந்துரைப்பதில்லை' என்பார்கள். அப்பா கூடத்தில் உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருக்கும்போதே, சமையலறையில் மெல்லிய குரலில் வீட்டைப் பங்கு போடுகிற பிள்ளைகளின் நாகரிகம் அது.

மிருதுளா வேலை பார்த்த கம்பெனிக்கு அப்படியொரு அறிவிப்பு சித்திரை வெயிலோடு வந்து சேர்ந்தது. திரையில் எந்தப் பொருள் எங்கே உட்கார வேண்டும் என்று சொல்வதற்கு அவர்கள் ஆதியிலிருந்து பயன்படுத்திவந்த பழைய கருவி இனிப் பரிந்துரைக்கப்படாது. ஆடிக்குப் பிறகு வரும் புதிய பதிப்பில் அது இயங்கவே இயங்காது. அதை நம்பிக் கட்டிய செயலிகள் திறக்காது. கீழே 'உங்கள் புரிதலுக்கு நன்றி' என்று வேறு போட்டிருந்தார்கள். யாருக்குப் புரிந்தது என்று நன்றி சொன்னார்களோ, தெரியவில்லை.

பிரியாணி வரவழைக்கிற செயலி என்றால் போகட்டும், ஒரு நாள் திறக்காவிட்டால் வீட்டில் உப்புமா கிண்டிக்கொள்ளலாம். மிருதுளாவின் கையில் இருந்தது 'மறுகுரல்'. வாயும் கையும் ஓய்ந்துபோன நோயாளிகளின் கட்டிலுக்கு மேலே தொங்கும் ஒரு கண்ணாடிப் பலகை. உள்பக்கம், அதாவது நோயாளியின் முகத்துக்கு நேரே, சொற்கள் இருக்கும். எந்தச் சொல்லின் மேல் பார்வை ஒரு கணம் நிற்கிறதோ, அந்தச் சொல் கண்ணாடியின் வெளிப்பக்கத்தில் எழுந்து நிற்கும். அதைப் படித்துவிட்டு நர்ஸ் தண்ணீர் கொடுப்பார், மனைவி போர்வையை இழுத்துவிடுவாள், மகன் திட்டு வாங்கிக்கொள்வான்.

இந்தப் பலகை வந்த பிறகு சட்டம்கூட மாறிவிட்டது. முன்பெல்லாம் பேச முடியாத நோயாளிக்காக உறவினர்கள் கையெழுத்துப் போடுவார்கள். அதில் நடந்த அநியாயங்கள் ஊருக்கே தெரியும். இப்போது 'சொந்த வாக்குச் சட்டம்'. நினைவு தெளிவாக இருக்கும் நோயாளியின் சொல்தான் கடைசிச் சொல். மனைவியாவது பிள்ளையாவது, யாரும் குறுக்கே வரமுடியாது. நல்ல சட்டம்தான். நல்ல எண்ணத்தோடு போட்ட சட்டம்தான். அதனால்தான் வயிறு எரிகிறது.

மறுகுரலுக்குப் பின்னால் பார்வையை நிறுத்திப் பேசிக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் லோகநாதன். மிருதுளாவின் அக்கா அமுதவல்லியின் கணவர். கோபிச்செட்டிபாளையம் பக்கம் பந்தல் போடுவதில் பெயர் எடுத்த மனிதர். தசைகள் ஒவ்வொன்றாகச் செயலிழந்துபோகும் நோய் வந்து, கால் போய், கை போய், கடைசியில் குரலும் போய்விட்டது. மிருதுளாதான் பலகையைக் கொண்டுபோய்க் கட்டிலுக்கு மேல் மாட்டினாள். அன்று அவர் முதன்முதலாகப் பார்த்த சொல் 'வாங்க'. அறையில் எல்லோரும் அழுதுவிட்டார்கள்.

ஆகவே அறிவிப்பைப் படித்ததும் மிருதுளாவுக்கு வேறு எந்த நோயாளியின் முகமும் நினைவுக்கு வரவில்லை. ஆடிக்குள் முடிக்காவிட்டால் மாமா மறுபடியும் ஊமை. அவ்வளவுதான் அவளுக்குத் தோன்றியது.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனபோது விஷயத்தைச் சொன்னாள். அக்காவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"நல்லாத்தானே இருக்குது? இந்தக் கருமத்த இப்ப எதுக்கு மாத்தறீங்க?"

"நாங்க மாத்தலக்கா. அடியில இருக்கற மென்பொருள் வேற கம்பெனிக்காரனோடது. அவன் மாத்தறான். நாம மாத்தாட்டி இது நின்னு போயிரும்."

லோகநாதனின் கண்கள் மிருதுளாவை விட்டு நகரவில்லை. என்ன ஏது என்று தெரியாமல் எந்த வேலைக்கும் அவர் தலையாட்டியதில்லை. அது அவளுக்குத் தெரியும்.

"எலையில பரிமாற மாதிரின்னு வெச்சுக்கங்க மாமா," என்றாள். "இத்தனை நாளும் எப்படிச் சொல்லி வெச்சிருந்தோம்னா, உப்புக்குப் பக்கத்துல ஊறுகாய், ஊறுகாய்க்குப் பக்கத்துல பொரியல். உப்பு எங்கிருக்குதுன்னு தெரிஞ்சாப் போதும், மத்ததெல்லாம் தானா எடம் பாத்து உக்காந்துக்கும். ஒண்ணை ஒண்ணு சார்ந்து நிக்கும். இனிமே அப்படிச் சொல்லக் கூடாதாம். எலையக் கட்டம் கட்டமாப் பிரிச்சு, ரெண்டாவது கட்டத்துல ஊறுகாய், மூணாவதுல பொரியல்னு ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியாச் சொல்லணுமாம்."

"எலையில எவனாச்சும் கோடு போடுவானா?" என்றாள் அக்கா.

லோகநாதன் எழுத்துப் பக்கத்தைத் திறந்து, ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்து ஒரு கேள்வியைக் கோத்தார். கண்ணாடியில் வந்தது: 'உப்பை எடுத்துட்டா?'

மிருதுளா சிரித்தாள். "சரியாப் புடிச்சீங்க. உப்பை எடுத்துட்டா மத்ததெல்லாம் எங்க நிக்கறதுன்னு தெரியாம, அத்தனையும் மேல் இடது மூலையில போயி ஒண்ணு மேல ஒண்ணு விழுந்து கெடக்கும்."

அவர் கண்கள் சுருங்கின. அது அவர் சிரிப்பு. அக்கா டிவி ரிமோட்டை எடுத்து, "டிவி போடட்டுங்களா?" என்று கேட்டாள். கண்ணாடியில் 'இருக்கட்டும்' என்று வந்தது. அக்கா ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டு அவர் காலடியில் உட்கார்ந்தாள்.

அலுவலகத்தில் கிருபாகரன் அவசரப்பட்டான். அவன்தான் அணித் தலைவன். கெட்டவன் இல்லை, எல்லாவற்றுக்கும் மேலிடத்துக்குப் பதில் சொல்லியே தேய்ந்துபோனவன்.

"மிருது, ஆடிக்குள்ள முடிச்சிரலாமா?"

"முடிச்சே ஆகணும் கிருபா."

"அப்படியே இன்னொண்ணு. ஆஸ்பத்திரிக்காரங்க கேக்கறாங்க. டாக்டருங்கள்ல பாதிப் பேரு வடக்கத்திக்காரங்க, தமிழ் படிக்கத் தெரியாது. பதிலுக்கு மட்டும் வெளிப்பக்கம் வார்த்தையே வேண்டாம், விளக்கு போதும்ங்கறாங்க. சம்மதம்னா பச்சை, மறுப்புன்னா சிவப்பு. தூரத்துல இருந்தே தெரியணும்."

"இருக்கற பதில் வார்த்தையெல்லாம் இந்த ரெண்டுல அடங்குமா?"

"அடக்கித்தான் ஆகணும். புதுக் கருவியில ஒவ்வொரு பதில் கட்டத்துக்கும் சம்மதம், மறுப்புன்னு ஒரு குழு கொடுக்காட்டி அது ஏத்துக்கவே மாட்டேங்குது. நீ ஒண்ணும் யோசிக்க வேண்டாம், அதுவே பரிந்துரை பண்ணுது. நீ சரி பாத்தாப் போதும்."

பழைய அமைப்பைக் கழற்றிப் புதியதில் போட்ட முதல் நாள், அவள் மாமாவிடம் சொன்னது அப்படியே நடந்தது. சார்ந்து நிற்க ஒன்றும் இல்லாமல், பலகையின் எல்லாச் சொற்களும் மேல் இடது மூலையில் போய் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து கிடந்தன. தண்ணீர், வலி, போதும், வாங்க, அம்மா எல்லாம் ஒரே கறுப்புத் திட்டு. எந்தச் சொல் எது என்று படிக்க முடியவில்லை.

மிருதுளா ஒவ்வொன்றாக உரித்தெடுத்து, அது முன்பு இருந்த அதே இடத்தில், இம்மி பிசகாமல் உட்கார வைத்தாள். நோயாளிகள் சொல்லைப் படித்துப் பார்ப்பதில்லை என்பது அவளுக்குத் தெரியும். இருட்டில் சுவிட்சைத் தேடாமல் போடுகிற கை மாதிரி அவர்கள் கண்ணுக்கு இடம் பழகியிருக்கும். இடம் மாறினால் தவித்துப்போவார்கள். அந்த ஒன்றுக்காக அவள் பட்ட பாடு கொஞ்சமில்லை. கண் எரிய எரிய உட்கார்ந்து செய்தாள். ஒரு சொல்கூட இடம் மாறவில்லை. அதில் அவளுக்குப் பெருமைகூட இருந்தது.

நிறம் கொடுக்கும் வேலை கடைசியில் வந்தது. அதற்குள் அவள் களைத்துவிட்டாள். கருவி ஒவ்வொரு சொல்லாக நீட்டி, அகராதிப் பொருளைச் சொல்லி, சம்மதமா மறுப்பா என்று பரிந்துரையும் கொடுத்தது. எல்லாம் சரியாகத்தான் இருந்தது. 'வேண்டும்' பச்சை. 'வேண்டாம்' சிவப்பு. 'போதும்' சிவப்பு. நம்பிக்கை வந்துவிட்டது. பழைய அமைப்பில் வெளிப்பக்கச் சொற்களுக்கு நிறமும் உண்டு; சிலவற்றுக்கு மட்டும் சொந்த நிறம் இருந்ததில்லை. பக்கத்துச் சொல்லின் நிறத்தை வாங்கிக்கொண்டு நின்றவை அவை. அந்த மிச்சங்களையும் கருவி நீட்டிக்கொண்டே போக, அவள் தலை நிமிராமல் ஒப்புதல் கொடுத்துக்கொண்டே போனாள்.

டீ கொண்டுவரும் சரசக்கா தட்டோடு வந்து நின்று, "டீ வைக்கட்டுமா மேடம்?" என்றாள்.

"இருக்கட்டுங்க்கா," என்றாள் மிருதுளா, தலையைத் தூக்காமலே. சரசக்கா அடுத்த மேசைக்குப் போய்விட்டாள்.

புதிய மறுகுரல் ஆடி பிறப்பதற்கு முன்பே வெளியாயிற்று. எங்கும் ஒரு சிக்கலும் இல்லை. சோதனை செய்தவர்கள் கட்டங்களின் அளவையும் இடத்தையும் தட்டிப் பார்த்து, பிரமாதம் என்று எழுதிக் கொடுத்தார்கள். கொஞ்ச நாளில் ஆஸ்பத்திரிகளிலிருந்து பாராட்டு வரத் தொடங்கியது. நோயாளிகளின் மறுப்பு குறைந்திருக்கிறதாம். ஒத்துழைப்பு கூடியிருக்கிறதாம். கிருபாகரன் கேக் வாங்கி வெட்டினான். மிருதுளாவின் வாயில் அவனே ஒரு துண்டை ஊட்டினான்.

அப்போது லோகநாதன் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தார். நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல் வந்து, தொண்டையில் குழாய் போட்டு, மூச்சை இயந்திரம் பார்த்துக்கொண்டது. எழுத்துக் கோக்கிற அளவுக்குக் கண்ணில் தெம்பு இல்லை என்று எழுத்துப் பக்கத்தை எடுத்துவிட்டு, சுருக்கப் பதில்கள் உள்ள ஒரு பக்கத்தை மட்டும் வைத்திருந்தார்கள். அதையும் யாராவது கேள்வி கேட்கும்போதுதான் திறப்பார்கள். ஆனால் அறிவு பளிச்சென்று இருந்தது. பார்க்கப்போனவர்களைக் கண்ணாலேயே குசலம் விசாரித்தார்.

"சார் இப்பல்லாம் ரொம்ப நல்ல புள்ளையாயிட்டாரு," என்றாள் நர்ஸ் ஸ்டெல்லா. "டிவி போடட்டுமான்னா பச்சை. கூட ஒரு போர்வை போடட்டுமான்னா பச்சை. முன்ன மாதிரி எதுக்கும் முரண்டு புடிக்கறதே இல்ல."

"ஆமாங்கண்ணு, ஏன் புடிக்கறாரு?" என்றாள் அக்கா. "தீவாளிக்கு ஒரு சட்டை எடுக்கலாங்களான்னா ஒருக்காச் சரின்னு சொன்ன மனுசனா? இப்ப நர்ஸ் புள்ள கேட்டா எல்லாத்துக்கும் சரியாமா!"

எல்லோரும் சிரித்தார்கள். மிருதுளாவும் சிரித்தாள். காய்ச்சல் சூட்டில் லோகநாதன் இரண்டு போர்வைக்கு அடியில் வேர்த்து நனைந்து கிடந்தார். தலைமாட்டில் டிவி ஓடிக்கொண்டிருந்தது.

பிறகு ஒரு மத்தியானம் அக்காவின் அழைப்பு வந்தது. குரலில் அழுகையே இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

"உன்ற மாமா போறேன்னு சொல்லிப்போட்டாரு."

"எங்கக்கா?"

"எங்கயா? மெஷினை எடுத்துரலாமான்னு டாக்டரு கேட்டாராமா. சட்டமாமா, இப்படிக் கெடக்கறவங்களக் கேட்டே ஆகணுமாமா. நேத்தும் கேட்டாரு, இன்னைக்கும் கேட்டாரு. ரெண்டு தரமும் பச்சை. நாளைக்கு இன்னொருக்காக் கேப்பாங்களாம். மூணு தரமும் ஒரே பதிலா இருந்தா எடுத்துருவாங்களாம். நான் கத்துனேன். உங்களுக்கு இதுல பேச உரிமை இல்லீங்கம்மான்னுட்டாங்க."

மிருதுளா அன்றே கிளம்பிப் போய்ச் சேர்ந்தாள். மூன்றாவது தடவை கேட்டபோது அவள் கட்டிலின் கால்மாட்டில் நின்றிருந்தாள். பலகையின் வெளிப்பக்கம்தான் அவளுக்குத் தெரிந்தது. டாக்டர் குனிந்து, தனக்குத் தெரிந்த தமிழில், நிதானமாக, அன்பாகவே கேட்டார்.

"லோகநாதன் சார், மெஷினை எடுத்துடலாமா?"

பச்சை விளக்கு எரிந்தது. துளித் தயக்கமும் இல்லை.

டாக்டர் தலையசைத்து அவர் தோளைத் தொட்டார். சொன்னது புரிந்துவிட்டது என்கிற நிம்மதி லோகநாதனின் முகத்தில் பரவியதை மிருதுளா பார்த்தாள். எவ்வளவு தைரியம் இந்த மனிதருக்கு என்று நினைத்தாள். அந்தத் துக்கத்திலும் ஓர் ஓரத்தில், இவர் தன் முடிவைத் தன் வாயால் சொல்ல நம் பலகை இருக்கிறதே என்று ஒரு திருப்தி எட்டிப் பார்த்தது. அந்தத் திருப்தியை அவள் பிற்பாடு என்ன செய்தும் கழுவ முடியவில்லை.

அக்கா ஜன்னலைப் பார்த்து நின்றுகொண்டிருந்தாள்.

"அக்கா, நீயா ஏதாச்சும் கேளேன். பேசேன்."

"என்னத்தப் பேசறது? கட்டுனவளை ஒரு வார்த்தை கேக்காம முடிவு பண்ணுன மனுசன்கிட்ட எனக்கு என்ன பேச்சு? போகட்டும். நல்லாப் போகட்டும்."

வலி தெரியாமல் இருக்க ஊசி போட்டார்கள். பலகையை அதற்கு முன்பே மடக்கிவிட்டார்கள். கண் செருகும் வரைக்கும் லோகநாதன் அக்கா நின்ற பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் திரும்பவே இல்லை.

கருமாதி அன்று அவர் வாழ்நாளெல்லாம் ஊருக்குப் போட்ட பந்தல் அவர் வாசலிலேயே நின்றது. அவரோடு தொழில் செய்த ரங்கசாமி, பெண் வீட்டுக் கல்யாணம் மாதிரி பார்த்துப் பார்த்து எல்லாம் செய்தார். பந்தி நடந்தபோது அவரைப் பிடித்து இழுத்து மிருதுளாவின் எதிர் வரிசையில் உட்கார வைத்தார்கள். அவர் நாலு வாய் சாப்பிட்டிருப்பார். சோற்று வாளியோடு வந்தவர், "இன்னுங் கொஞ்சம் வெக்கட்டுங்களா?" என்று கரண்டியை நீட்டினார்.

ரங்கசாமி இரண்டு கையையும் இலைக்கு மேல் விரித்தார். "இருக்கட்டுங்க, இருக்கட்டுங்க."

வாளிக்காரர் கரண்டியை இழுத்துக்கொண்டு அடுத்த இலைக்குப் போய்விட்டார். எந்த விளக்கும் எரியவில்லை. அகராதியை யாரும் புரட்டவில்லை. அவர் எங்கே படித்தார் இதை? இந்த ஊரில் பிறந்த ஒரு குழந்தைக்குக்கூடத் தெரியும் அதற்கு என்ன அர்த்தமென்று.

மிருதுளாவின் கை சோற்றிலேயே நின்றுவிட்டது.

எழுந்து கை கழுவினாள். காருக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு மடிக்கணினியைத் திறந்தாள். சுருக்கப் பதில்கள் பக்கம். 'வேண்டாம்' சிவப்பு. அதற்கு வலப்பக்கம், என்றைக்கும் இருக்கும் அதே இடத்தில், இம்மி பிசகாமல், 'இருக்கட்டும்'. பின்னால் பச்சை. அதற்குக் கருவி சொன்ன விளக்கமும் அப்படியே இருந்தது: அவ்வாறே ஆகட்டும் எனும் பொருள். பரிந்துரை: சம்மதம். ஒப்புதல் அளித்தவர்: மிருதுளா.

பழையதையும் திறந்து பார்த்தாள். அதில் அந்தச் சொல்லுக்கு ஒரே ஒரு வரிதான். 'வேண்டாம்' என்பதற்கு வலப்பக்கம், நிறம் அதனுடையதே. மறுகுரலை முதன்முதலில் கட்டியவர் யாரோ, விவரம் தெரிந்து அந்தச் சொல்லை அதன் உறவோடு சேர்த்து உட்கார வைத்திருக்கிறார். இவள் இடத்தைக் காப்பாற்றிவிட்டு உறவை அறுத்துவிட்டாள்.

மெஷினை எடுத்துடலாமா?

இருக்கட்டும்.

அந்த மனிதர் வாழ்நாளில் யாரிடமும் 'வேண்டாம்' என்று முகத்தில் அடித்தாற்போல் சொன்னதில்லை. கோபிப் பக்கத்து மரியாதை. டாக்டரிடமும் மரியாதையாகத்தான் சொல்லியிருக்கிறார். எடுக்காதீங்க, அது பாட்டுக்கு இருக்கட்டும். நானும் இருக்கேன். மூன்று தடவை கேட்டார்கள், மூன்று தடவையும் சொன்னார். டாக்டர் தலையை ஆட்டித் தோளைத் தொட்டதும், புரிந்துகொண்டார்கள் என்று நிம்மதியாகப் படுத்திருந்தார். மிருதுளா ஸ்டியரிங்கில் நெற்றியை முட்டிக்கொண்டு அழுதாள்.

மறுநாள் கிருபாகரனிடம் சொன்னபோது அவன் முதலில் வாதம் செய்தான்.

"சரின்ற அர்த்தத்துலயும் வருமில்ல மிருது? 'அப்படியே இருக்கட்டும்'னு சொல்வோமே?"

"உங்க வீட்டுக்கு வந்தவங்களுக்குக் காபி வேணுமான்னு கேக்கறீங்க. இருக்கட்டும்ங்கறாங்க. காபி போடுவீங்களா?"

அவனும் இதே மண்ணில் பிறந்தவன்தானே. முகம் வெளுத்துவிட்டது. எழுந்துபோய் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தான்.

"எத்தனை பேரு இருப்பாங்க கிருபா?"

"எண்ணாதே."

"மரியாதை தெரிஞ்சவங்க அத்தனை பேருமே மாட்டியிருப்பாங்க. வெடுக்குனு வேண்டாம்னு சொன்னவன் மட்டும் பொழச்சிருப்பான்."

"எண்ணாதேன்னு சொல்றேனில்ல?" அவன் குரல் உடைந்தது. "இதோ பாரு. இது வெளிய போச்சுன்னா மறுகுரலையே இழுத்து மூடிருவாங்க. அப்புறம் அத்தனை பேரும் வாயில்லாமக் கெடப்பாங்க. அது நியாயமா? அடுத்த பதிப்புல சரி பண்ணிருவோம். அந்த வார்த்தையையே எடுத்துருவோம். 'பார்க்கலாம்', 'பரவாயில்லை' எல்லாத்தையும் தூக்கிரு. வேணும், வேண்டாம். ரெண்டு போதும். யாருக்கும் கொழப்பம் இல்ல."

"அவங்க மரியாதையாப் பேசக்கூட வழி இல்லாமப் பண்ணிரலாம்ங்கறீங்க."

"மரியாதையாச் சாகறதுக்கு, மரியாதை இல்லாம உசுரோட இருக்கட்டும்," என்றான் கிருபாகரன். கடைசியில் வந்து விழுந்த சொல் அவன் காதிலேயே விழுந்திருக்க வேண்டும். முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு கணினியைத் திறந்தான்.

வார்த்தைகள் எடுக்கப்பட்டன. 'சிறு திருத்தங்கள் செய்யப்பட்டன' என்று ஒரு வரி அறிவிப்பு. அந்த வரியை எழுதியது மிருதுளா இல்லை. ஆனால் எழுதாதே என்றும் அவள் சொல்லவில்லை. வாய் திறந்தால் பலகை மூடப்படும் என்று கிருபாகரன் சொன்னது பொய்யில்லை. அந்த உண்மைக்குப் பின்னால் தன் பயமும் சௌகரியமாக ஒளிந்துகொண்டதை அவள் அறிவாள்.

ஊருக்குச் சொல்லாவிட்டாலும் ஒருத்திக்குச் சொல்லியே ஆகவேண்டும். ஏனென்றால் அக்கா வீட்டில் மாமாவின் படம் சுவரைப் பார்த்துத் திருப்பி வைக்கப்பட்டிருந்தது. அதற்கு மாலையில்லை, விளக்கில்லை. கேட்ட சொந்தக்காரர்களுக்கெல்லாம் அக்கா ஒரே பதிலைச் சொல்லிக்கொண்டிருந்தாள். "என்னை உட்டுட்டுப் போகச் சம்மதம்னு மூணு தரம் சொன்னவருக்கு நான் எதுக்குங்க விளக்கு வெக்கணும்?"

ஒரு மத்தியானம் மிருதுளா போனபோது அக்கா சமைத்து முடித்திருந்தாள். ஆள் பாதியாக இளைத்திருந்தாள். தங்கை வந்ததில் முகம் கொஞ்சம் தெளிந்தது. "மூஞ்சி ஏன்டி இப்படிக் கெடக்குது? கண்ணு, மொதல்ல உக்காந்து சாப்பிடு," என்று கொல்லையிலிருந்து இலை அறுத்துவந்து போட்டாள். உப்பு வைத்தாள். ஊறுகாய் வைத்தாள். பக்கத்தில் பீன்ஸ் பொரியல்.

அவள் சோறெடுக்கத் திரும்புவதற்குள் மிருதுளா சொல்லத் தொடங்கிவிட்டாள். சொல்லாமல் சாப்பிட்டால் அந்தச் சோறு இறங்காது என்று தெரிந்தது. மூலையில் விழுந்து கிடந்த சொற்களிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னாள். மாமா பார்த்தது எந்தச் சொல் என்று சொன்னாள். டிவியும் போர்வையும்கூட அதனால்தான் என்று சொன்னாள்.

அக்கா நின்றபடியே கேட்டாள்.

"அப்ப அவரு போறேன்னு சொல்லல," என்றாள் கடைசியில்.

"இல்லக்கா."

"இருக்கறேன்னுதான் சொன்னாரு."

"ஆமாங்க்கா."

"நாந்தான் திரும்பிப் பாக்காம நின்னுட்டேன்." அக்காவின் குரல் மிகச் சாதாரணமாக இருந்தது. "அதுக்குப் பச்சைன்னு போட்டது ஆரு? மெஷினா?"

மெஷின்தான் என்று சொல்லியிருக்கலாம். பாதி உண்மைதானே அது.

"மெஷின் கேட்டுச்சு. சரின்னு சொன்னது நாந்தாங்க்கா."

அக்கா அவளையே பார்த்தாள். அடிப்பாள் என்று மிருதுளா நினைத்தாள். அடித்தால் தேவலை என்றுகூட இருந்தது. அக்கா கூடத்துக்குப் போனாள். மாமாவின் படத்தைத் திருப்பி, முந்தானையால் கண்ணாடியைத் துடைத்து, விளக்கை ஏற்றினாள். கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள். முதுகு மட்டும் குலுங்கியது. பிறகு அடுக்களைக்குள் போய், ஆவி பறக்கும் சோற்றுக் குண்டானோடு திரும்பி வந்து இலைக்கு முன்னால் குனிந்தாள்.

மிருதுளாவுக்குத் தொண்டைக்குள் ஒரு பருக்கைகூட இறங்காது. ஒரு கையை இலைக்கு மேல் விரித்தாள். அவளையறியாமல், பிறந்ததிலிருந்து பழகிய வாய், அதே சொல்லைச் சொன்னது.

"இருக்கட்டும்க்கா."

கரண்டி அந்தரத்தில் நின்றது.

"பச்சை," என்றாள் அக்கா. சோற்றை அவள் விரல் மேலேயே போட்டாள்.

சுட்டது. மிருதுளா கையை இழுத்துக்கொண்டாள். "அக்கா, போதும்..."

"அதெல்லாம் கேக்கல. மொதல்ல சொன்னியே, அதைச் சொல்லு."

"அக்கா..."

"சொல்லுடி."

"இருக்கட்டும்க்கா."

"பச்சை." இன்னொரு கரண்டி. "இன்னொருக்காக் கேக்கணுமாமா. சட்டமில்ல? வெக்கட்டுமா?"

மிருதுளாவுக்குக் கண்ணீரில் இலை தெரியவில்லை. "இருக்கட்டும்க்கா," என்றாள்.

"பச்சை," என்று சொல்லி அக்கா குண்டானையே இலையில் கவிழ்த்தாள். உப்பு, ஊறுகாய், பொரியல் எல்லாம் சோற்றுக்கு அடியில் போய்விட்டன. அக்கா எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து, அவள் கையையே பார்த்தாள்.

மிருதுளா குனிந்து சாப்பிடத் தொடங்கினாள்.